பத்துக்குப் பத்தும் அரைப் பேரும்

அமெரிக்கக் கல்லூரிப் பெண்களின் ஜிம்னாஸ்டிக்ஸில், வேண்டிய வித்தையெல்லாம் அடங்கிய ஆட்டம் 10.0-இல் தொடங்கும். பிறகு நடுவர் கழிப்பார்: கால் கொஞ்சம் நகர்ந்தால் 0.05, இன்னும் நகர்ந்தால் 0.1. கழிப்பதில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் கணக்கப்பிள்ளை இவர்களுக்கெல்லாம் குரு. சாக்குக்கு, ஈரத்துக்கு, முற்றல் இலைக்கு என்று கிலோக் கணக்கில் கழிப்பார். அங்கே இரண்டு நடுவர் போட்டுச் சராசரி பார்ப்பார்கள். இங்கே தராசும் அவரும்தான்.

உலகப் போட்டிகள் 2006-இல் பத்தைக் கைவிட்டன, கல்லூரிகள் விடவில்லை. ஒரு நாளில் பறித்தாக வேண்டிய எடையான தோட்டத்து 'நோம்' மட்டும் 16, 18, 20 கிலோ என்று கொழுந்தைவிட வேகமாக வளரும்.

வியப்பு அடுத்ததில்தான். ஒவ்வொரு கருவியிலும் ஆறு பேர் ஆடுவார்கள், உயர்ந்த ஐந்து மதிப்பெண்தான் கூட்டலில் சேரும். பீமிலிருந்து விழுந்தவளின் எண்ணைத் தள்ளிவிடுவார்களாம்! இங்கே நோமில் இரண்டு கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதி நாள் சம்பளம்; முழுநாளும் மலையில் நின்றவள் பாதி ஆளாக லயத்துக்குத் திரும்புவாள்.

"ஆறு நாளுல குறைஞ்ச நாளத் தள்ளிட்டு மத்த அஞ்சப் பாருங்களேன் ஐயா" என்று கேட்டுப் பார்க்கலாம். துரை உடனே சம்மதிப்பார், அந்த நாள் சம்பளத்தையும் சேர்த்துத் தள்ளி.