இரண்டு நெமிலிச்சேரி

கல்லூரி வானொலியில் செய்தி வாசிக்கக் கூடாது என்பது, அதன் செய்திப் பிரிவுக்குப் பொறுப்பேற்ற பிறகுதான் எனக்குத் தெரியும். அறைக் கதவில் ‘தகவல் பிரிவு’ என்றுதான் எழுதியிருந்தது. ‘செய்தி’ என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது நான். சென்னை அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருவே என்னை ஆகாசவாணிச் செய்தி வாசிப்பாளர் சரோஜ் நாராயணசுவாமியின் வாரிசாக நினைத்ததில் அம்மாவின் பங்கும் உண்டு.

கல்வி நிறுவனங்கள் வானொலி நடத்தலாம் என்று மத்திய அரசு அனுமதித்தது 2002 கடைசியில். முதலில் முந்திக்கொண்டது நம் அண்ணா பல்கலைக்கழகம். 2004 பிப்ரவரி 1 அன்று 90.4-இல் அண்ணா எஃப்.எம். பேசத் தொடங்கியது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தார்கள். திறந்தவர்கள் ஒரு கதவை மட்டும் இழுத்துப் பூட்டிவிட்டார்கள்: செய்தி கூடாது, நடப்பு அரசியல் கூடாது. மின்தடை, குடிநீர், வானிலை, போக்குவரத்து, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, உள்ளூர்த் திருவிழா இவையெல்லாம் சொல்லலாம். இவை செய்தியில் சேர்த்தி இல்லையாம்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. நாடாளுமன்றத்தை அலசப் பிறந்தவனை மின்வாரிய அறிவிப்பு வாசிக்க விட்டால் எப்படி இருக்கும்? மூன்று நாளிதழ்களை விரித்து, கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்து, எதை ‘பொது அறிவு’ என்று பெயர் மாற்றி உள்ளே நுழைக்கலாம் என்று தேடுவதிலேயே காலைப் பொழுது போகும்.

2015 ஜூலையில் வாகாக ஒன்று சிக்கியது. நாசாவின் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் ஒன்பதரை வருடம் பயணம் செய்து புளூட்டோவைத் தாண்டிப் போனது. அறிவியல்தானே, யார் கேட்கப்போகிறார்கள்? தொகுப்பு முழுவதையும் அதற்கே எழுதிவைத்தேன். இடம் பற்றாமல் நான் ஓரங்கட்டிய துண்டுச் செய்தியில், மறுநாள் காலை 9 முதல் பிற்பகல் 2 வரை மின் நிறுத்தம் செய்யப்படும் பகுதிகளில் அஸ்தினாபுரமும் இருந்தது.

எங்கள் நிலையத்தின் வீச்சு பத்து கிலோமீட்டர் சொச்சம். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கணீரென்று கேட்கும், சமையலறையில் இரைச்சல். போனில் எஃப்.எம். எடுக்க இயர்போன் ஒயர்தான் ஆன்டெனா என்பதால், அம்மா அதை ஜன்னல் கம்பியில் சுற்றி, ஒரு முனையைக் காதில் செருகிக்கொண்டு கேட்பார். புளூட்டோவையும் அப்படித்தான் முழுசாகக் கேட்டார். மறுநாள் கிரைண்டரில் உளுந்து பாதி அரைபட்டபோது கரண்ட் போனது.

“ஏன்டா, அத்தனை தூரத்துல இருக்கறது தெரியுது, நம்ம தெருவுல கரண்ட் போறது தெரியலையா?”

பிராயச்சித்தமாக மின்தடை அறிவிப்புகளை விடாமல் வாசிப்பதென்று முடிவெடுத்தேன். அடுத்த மாதமே நெமிலிச்சேரி என்ற பெயர் கண்ணில் பட்டது. குரோம்பேட்டையிலிருந்து ராஜேந்திர பிரசாத் சாலையைப் பிடித்து வந்தால் எங்களுக்குப் பக்கத்து ஊர். சும்மா விடுவேனா? சுற்றுவட்டாரங்களையும் நானே தாராளமாகச் சேர்த்து, நாளை மின்தடை என்று காலையும் மாலையும் முழங்கினேன். தெருவே தொட்டிகளை நிரப்பியது. மாவு மில் அண்ணாச்சி மிளகாய் வாங்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பினார். மறுநாள் முழுக்க விளக்கு ஒரு சிமிட்டல்கூட சிமிட்டவில்லை.

வெளிவட்டச் சாலையில் வடக்கே போனால் திருநின்றவூர் பக்கம் இன்னொரு நெமிலிச்சேரி இருக்கிறது; ரயில் நிலையம்கூட உண்டு. அறிவிப்பில் அடுத்த பெயராகத் திருநின்றவூர்தான் இருந்தது. என் கத்தரிக்கோல் அதற்கு முன்பே வேலையை முடித்திருந்தது.

வானிலையிலும் சொதப்பினேன். கல்லூரிக்கு விடுமுறை விட்டாலும், கணினிப் பட்டியலில் ஏற்றிவைத்தது நேரத்துக்குத் தானாக ஓடும். அந்த நவம்பரில் முடிச்சூர் பக்கம் தெருக்களில் படகு விட்டு ஆட்களை மீட்டுக்கொண்டிருந்தபோது, 90 சொச்சம் அலைவரிசையில் நான் கனிவான குரலில் கேட்டுக்கொண்டிருந்தேன்: “நேயர்களே, ஒரு சொட்டு மழைநீரையாவது வீணாக்காமல் சேமித்தீர்களா?” பதிவு செய்தது அக்டோபரில். பட்டியலிலிருந்து அதை எடுக்கத் தோன்றவில்லை. மாலைவரை இரண்டு முறை ஓடியது.

தனியார் எஃப்.எம். நிலையங்கள் ஆகாசவாணியின் செய்தியை அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம். சொந்தச் செய்தி அவர்களுக்கும் கிடையாது. நாடே சேர்ந்து என் வாயைக் கட்டிவிட்டதாக மேடைகளில் முழங்க எனக்கு உரிமை உண்டுதான். ஒருமுறை முழங்கவும் செய்தேன். கேள்வி நேரத்தில் பின்வரிசைப் பெண் ஒருவர், “எந்த நெமிலிச்சேரி சார்?” என்றார். அவருக்கு எங்கள் பக்கத்துச் செம்பாக்கமாம்.

அண்ணாச்சி மட்டும் கடைசிவரை என் ரசிகராகவே இருந்தார். மில்லைத் தாண்டும்போதெல்லாம் கூப்பிடுவார்.

“தம்பி, நாளைக்குக் கரண்ட் போவும்னு ரேடியோல சொன்னீங்களா?”

“சொன்னேன் அண்ணாச்சி.”

உள்ளே திரும்பிக் குரல் கொடுப்பார்: “ஏலே, மிளகாய வாங்கி வையி. நாளைக்கு அரைச்சிரலாம்.”