நேத்து என்ன சாப்பிட்டீங்க?

நான் படித்தது நியூட்ரிஷன் அண்ட் டயட்டெட்டிக்ஸ். இளங்கலை, முதுகலை இரண்டும் அதுதான். பார்த்தால் அப்படித் தெரியவில்லை என்பதை வெளியாட்கள் நாசூக்காகச் சொல்வார்கள். சொந்தக்காரர்கள் மைக் பிடிக்காத குறையாகச் சொல்வார்கள்.

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கு நான் யாரென்று தெரிந்துவிட்டால் தொலைந்தது. ஜாங்கிரியை ஓரமாகத் தள்ளி, "இதைச் சாப்பிடலாமா மேடம்?" என்பார். "தவிர்க்கிறது நல்லது" என்பேன். உடனே அவர் பார்வை என் இலைக்குத் தாவும். அங்கே ஜாங்கிரி இருந்த தடம் மட்டும்தான் இருக்கும்.

இந்தப் படிப்பில் சேர்ந்ததற்குப் பெரிய லட்சியம் எதுவும் கிடையாது. பிளஸ் டூ மார்க் வந்ததும் டாக்டர் கனவு தானாகவே கிளம்பிப் போய்விட்டது. "டயட்டீஷியனும் வெள்ளை கோட்டுதான் போடுவாங்க" என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அப்பாவுக்குத்தான் சந்தேகம். "சமைக்கிறதுக்கு எதுக்குடி மூணு வருஷம்? உங்கம்மா கூட மூணு மாசம் நில்லு." நான் அவரைக் கோபமாக முறைத்தேன். சமையல் கோர்ஸ் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது.

போய்ப் பார்த்தால் கெமிஸ்ட்ரி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி. அடுப்பைவிட பன்சன் பர்னரைப் பார்த்ததுதான் அதிகம். நாம் தின்கிற ஒரு வாய்ச் சோறு சக்தியாக மாற கிரெப்ஸ் சுழற்சி என்று ஒன்றைத் தாண்டவேண்டும். அதில் எட்டுப் படிகள். பரீட்சையில் நான் மூன்றாவது படியிலேயே உட்கார்ந்துவிடுவேன்.

திருநின்றவூரிலிருந்து சென்ட்ரலுக்கு லோக்கல் டிரெயினில் போய்ப் படித்தவள் நான். அந்த வண்டியில் சமோசா வரும், கொய்யா வரும், கடலை மிட்டாய் வரும். மடியில் டயட்டெட்டிக்ஸ் புத்தகம், கையில் சமோசா. ஆவடி வருவதற்குள் புத்தகத்தில் எண்ணெய்க் கறை விழுந்துவிடும். அந்தக் கறை விழுந்த அத்தியாயத்தின் தலைப்பு 'உடல் பருமன்'.

எங்களுக்கு வேதம் மாதிரி ஒரு புத்தகம் உண்டு. 'நியூட்ரிட்டிவ் வேல்யூ ஆஃப் இந்தியன் ஃபுட்ஸ்'. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் இன்னும் இருவருடன் சேர்ந்து 1971-ல் கொண்டுவந்தது. நம் நாட்டில் வாயில் போடுகிற எதை எடுத்தாலும் நூறு கிராமில் என்ன இருக்கிறது என்று அட்டவணை போட்டிருக்கும். கேழ்வரகில் 344 மில்லிகிராம் கால்சியம், பசும்பாலில் 120. கோபாலன் நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 2019-ல் மறைந்தார். சொன்னபடியே சாப்பிட்டிருப்பார் போலிருக்கிறது. நான் அவருடைய அட்டவணையை மனப்பாடம் செய்ததோடு சரி.

அதில் அரிசிக்கு 345 கலோரி. புத்தகம் வாங்கிய ஜோரில் அப்பாவின் தட்டுச் சோற்றைத் தராசில் வைத்தேன். 300 கிராம். மூன்றால் பெருக்கினேன். 1,035! ஒரு வேளைக்கே இவ்வளவு என்றால், மூன்று வேளையும் சோறு கேட்கிற இந்த மனிதர் எப்படி இன்னும் நடமாடுகிறார் என்று பதறிப்போய், அன்று ராத்திரியே சோற்றைப் பாதியாக வெட்டினேன். பெற்ற மகள் உயிரைக் காப்பாற்றுகிறாள் என்று அவரும் பொறுத்துக்கொண்டார்.

கொஞ்ச நாள் கழித்து வகுப்பில் பெருமையாக இதைச் சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அது வேகாத அரிசிக்கான கணக்கும்மா. வெந்தா கிட்டத்தட்ட மூணு பங்கா ஆகும். கூடினது பூராவும் தண்ணி. தண்ணிக்கு ஏது கலோரி?" அதாவது அப்பா தட்டில் இருந்தது வெறும் நூறு கிராம் அரிசி. மீதி இருநூறு கிராம் தண்ணீரோடுதான் நான் போராடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதற்கிடையில் அப்பாவின் பேன்ட் இறுகிக்கொண்டே வந்தது. சோறு பாதியானதும் மனிதர் ஸ்டேஷன் ரோடு டீக்கடையில் பஜ்ஜிக்கு அக்கவுன்ட் வைத்துவிட்டார். மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி, எண்ணெய் 9. என் முதல் பேஷன்ட் என் சிகிச்சையால் இரண்டு கிலோ ஏறினார்.

அடுத்த பேஷன்ட் ஆயா, அதாவது என் பாட்டி. அதற்கு ஒரு முன்கதை உண்டு. எங்கள் துறையின் வரலாற்றில் குன்னூருக்குத் தனி இடம் உண்டு. 1918-ல் அங்கே பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ஒற்றை அறையில் ராபர்ட் மெக்காரிசன் என்கிற டாக்டர் பெரிபெரி நோயைப் பற்றி ஆராய ஆரம்பித்தார். அந்த ஒற்றை அறைதான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குக் குடிபோய், இன்றைக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. மெக்காரிசன் எலிகளைப் பல கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு சீக்கியர் சாப்பாடு, ஒன்றுக்கு மராட்டியர் சாப்பாடு, ஒன்றுக்கு வங்காளிகள் சாப்பாடு, ஒன்றுக்கு நம் மதராஸ் சாப்பாடு என்று போட்டு வளர்த்தார். சப்பாத்தி, பால், பருப்பு, காய்கறி தின்ற சீக்கிய எலி முதல் ரேங்க். நம்ம எலி கடைசி பெஞ்ச்.

இதை நான் கூடத்தில் நின்று பிரசங்கம் செய்தேன். ஆயா வெற்றிலையை மடித்தபடியே கேட்டது: "எலிக்கு ரசம் ஊத்துனாங்களாமா?" ஜெர்னலில் அது இல்லை.

விடுவேனா? ராத்திரி சாப்பாட்டைச் சப்பாத்திக்கு மாற்றினேன். நானே மாவு பிசைந்தேன், நானே தேய்த்தேன். சீக்கிய எலிக்குப் பல் இருந்தது, ஆயாவுக்கு இல்லை என்பது மட்டும் என் திட்டத்தில் விட்டுப்போயிருந்தது.

பெரிபெரியின் மூலமே தீட்டிய வெள்ளை அரிசிதான். தவிட்டோடு தயாமின் என்கிற பி-1 வைட்டமின் போய்விடுகிறது. மிச்சமிருப்பதையும் கஞ்சி வடித்துக் கொட்டினால் அது சாக்கடைக்கு. நெல்லை உமியோடு வேகவைக்கிற புழுங்கலரிசியில் இந்த வைட்டமின் அவ்வளவாகச் சேதமாவதில்லை. இதையெல்லாம் படித்துவிட்டு ஆவேசமாக வந்து, "ஆயா, கஞ்சித் தண்ணியக் கீழ கொட்டாதீங்க, அதுலதான் சத்தே இருக்கு!" என்றேன். ஆயா பதில் சொல்லவில்லை. வாயில் கஞ்சி இருந்தது. உப்புப் போட்டு, சொம்போடு குடித்துக்கொண்டிருந்தது. புழுங்கலரிசிக் கஞ்சி.

அங்கன்வாடிக்குப் போஸ்டிங் போட்டார்கள். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்து, 1989-ல் முட்டையும் சேர்ந்து, உலகமே எட்டிப்பார்த்த மாநிலம் நம்முடையது. அதற்கு என்னால் ஆன தொண்டாக, கேழ்வரகும் முருங்கைக்கீரையும் வெல்லமும் போட்டு ஓர் உருண்டை கண்டுபிடித்தேன். இரும்புச்சத்து, கால்சியம், விலை எல்லாம் கணக்குப் போட்டு, சார்ட்டில் வண்ணம் தீட்டிக் கொண்டுபோனேன். பிள்ளைகள் சார்ட்டை ரொம்பவும் ரசித்தார்கள்.

உருண்டையை வாங்கிக் கடித்த ஒரு பொடியன் என்னைப் பாவமாகப் பார்த்து, "டீச்சர், முட்டை எப்போ?" என்றான். அங்கிருந்த சமையல் ஆயா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கீரையை இனிப்புல போட்டா எந்தப் புள்ள பாப்பா துன்னும்? அடையில போடு" என்றார். அவர் எட்டாவது வரை படித்தவர். நான் அப்போது முதுகலையில் டிஸ்டிங்ஷனுக்கு முயன்றுகொண்டிருந்தேன்.

இந்தப் படிப்பின் உயிர்நாடி ஒரே ஒரு கேள்விதான்: நேத்து என்ன சாப்பிட்டீங்க? காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிறவரை இருபத்து நாலு மணி நேரத்தில் வாய்க்குள் போனதையெல்லாம் கேட்டு எழுதவேண்டும். கேட்கச் சுலபம். எங்கள் தெருவிலேயே பேடும் பேனாவும் அளவுக் கரண்டியுமாக இறங்கினேன்.

"என்னத்தம்மா சாப்பிட்டேன், ஒண்ணுமே சாப்பிடல" என்றுதான் எல்லா அக்காவும் ஆரம்பிப்பார்கள். ரெண்டு இட்லி, கொஞ்சம் சோறு, அவ்வளவுதான். டீ கணக்கில் வராது. பிள்ளை மிச்சம் வைத்த தோசை கணக்கில் வராது. அது சாப்பாடு இல்லை, பாத்திரம் கழுவுவதற்கு முந்தின வேலை. ருசி பார்த்த பாயசமும் அப்படியே. அக்காக்களைக் குறைசொல்ல முடியாது, உலகமே இப்படித்தான். அடையாளம் இட்ட ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, உடம்பு எவ்வளவு எரிக்கிறது என்று அளக்கிற முறை ஒன்று உண்டு. அதைவைத்துப் பார்த்ததில், மனிதர்கள் தின்பதைவிடக் குறைத்துத்தான் சொல்கிறார்கள் என்று பல நாடுகளில் உறுதியாகியிருக்கிறது. நல்லவேளை, அந்தத் தண்ணீர் திருநின்றவூருக்கு வரவில்லை.

வந்திருந்தால் முதலில் மாட்டியிருப்பவள் நான். மூன்று நாள் என் சாப்பாட்டை நானே எழுதித் தரச் சொன்னார்கள். காலையில் கேழ்வரகுக் கூழ், பதினொரு மணிக்கு மோர், மதியம் கீரை, மாலையில் ஒரு கொய்யா என்று எழுதினேன். கையெழுத்துகூட ஒல்லியாக இருந்தது. மேடம் கூட்டிப் பார்த்தார். "இவ்ளோதான் சாப்பிடறேன்னா நீ அம்பத்தூர் தாண்டறதுக்குள்ள மயக்கம் போட்டு விழணுமே?"

எங்கள் ஊர்க்காரர் பூசலார் நாயனார். கையில் காசில்லாமல் மனசுக்குள்ளேயே கல் கல்லாக அடுக்கிக் கோயில் கட்டியவர். காஞ்சியில் பல்லவ மன்னன் நிஜக் கல்லில் கட்டி கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தபோது, 'அன்றைக்கு நான் திருநின்றவூரில் இருப்பேன், நீ வேறு நாள் பார்த்துக்கொள்' என்று சிவபெருமானே ராஜாவின் கனவில் சொல்லிவிட்டார். இருதயாலீஸ்வரர் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் இந்த ஊர் மண்ணே இப்படித்தான் என்று சமாதானம் செய்துகொள்வேன். நானும் மனசுக்குள்ளேயேதான் டயட்டில் இருக்கிறேன். என்ன, எடை மிஷினுக்குக் கனவு வருவதில்லை.

ஸ்டேஷன்களில் கலர் லைட் சுழலும் எடை மிஷின் இருந்ததே, ஞாபகமிருக்கிறதா? காசு போட்டால் ஓர் அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். ஒருமுறை எடை நான் எதிர்பார்த்ததைவிட எக்கச்சக்கமாக வந்தது. பின்னால் திருப்பினால், உங்கள் அறிவால் உயர்வீர்கள் என்று போட்டிருந்தது. எடை தப்பு, ஜோசியம் சரி என்று விஞ்ஞான மாணவியாகிய நான் முடிவு செய்தேன்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இன்டர்ன்ஷிப். வெள்ளை கோட்டு கிடைத்துவிட்டது. சர்க்கரை நோய்க்காரர் ஒருவர், திருவள்ளூர் பக்கத்து விவசாயி. அழகாக டைப் அடித்து சார்ட் கொடுத்தேன்: மதியம் சோறு 1 கப், சாம்பார் 1 கப், காய் 1 கப். அடுத்த தடவை வந்தபோது சர்க்கரை ஏறியிருந்தது. "சார்ட்படி சாப்பிட்டீங்களா?" என்று கண்டிப்பாகக் கேட்டேன்.

"ஒரு பருக்கை மிஞ்சல மேடம். நீங்க சொன்ன ஒரு கப்புதான்" என்றார். அவர் மனைவி கட்டைப்பையிலிருந்து அந்தக் கப்பையே எடுத்து மேஜையில் வைத்தார். கல்யாண சீராக வந்த எவர்சில்வர் கிண்ணம். விளிம்பில் மாமனார் பேர் வெட்டியிருந்தது. தண்ணீர் ஊற்றி அளந்தேன். அரை லிட்டரைத் தாண்டியது. என் படிப்பில் கப் என்றால் 200 மில்லி. அதை நான் மனசுக்குள் வைத்திருந்தேன், சார்ட்டில் எழுதவில்லை. என் சார்ட்டை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்த ஒரே மனிதர் அவர்தான். அவருக்குத்தான் சர்க்கரை ஏறியது.

இப்போது வயது நாற்பதைத் தொடுகிறது. 2020-ல் வந்த தேசிய அளவுகோல்படி, உட்கார்ந்து வேலை செய்கிற 55 கிலோ பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,660 கலோரி. நான் உட்கார்ந்துதான் வேலை செய்கிறேன், அந்த விதிமுறையில் மட்டும் துளியும் தவறுவதில்லை. 1,660-ஐ மதியம் மூன்று மணிக்கே சந்தித்துவிடுகிறேன். 55 கிலோவைச் சந்தித்துத்தான் பல வருடமாகிறது.

சென்ற மாதம் மாஸ்டர் ஹெல்த் செக்கப். கொலஸ்ட்ரால் எல்லையில் நிற்கிறது, டயட்டீஷியனைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார் டாக்டர். நான் என்ன படித்தேன் என்று வாயைத் திறக்கவில்லை. உள்ளே ஒரு சின்னப்பெண், கஞ்சி மடிப்புக் கலையாத வெள்ளை கோட்டில். பேனாவை எடுத்தாள்.

"நேத்து காலைல என்ன சாப்பிட்டீங்க ஆன்ட்டி?"

"ரெண்டு இட்லிம்மா."

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ரெண்டுன்னா மூணா, நாலா?"

நல்ல காலேஜில் படித்த பெண். நாலு என்று உண்மையை ஒப்புக்கொண்டேன். ஐந்தாவதைப் பற்றி அவள் கேட்கவில்லை.