பெரிய இன்டர்கூலர் போடலாமா?

கேள்வி: என்னிடம் 2004 மாடல் மினி கூப்பர் எஸ் இருக்கிறது. சூப்பர்சார்ஜர் வண்டி. கிடைப்பதிலேயே பெரிய இன்டர்கூலரை வாங்கிப் போட்டால் வேகம் கூடுமா?

பதில்: தாராளமாகப் பெரியதே வாங்குங்கள், பானெட் மூடினால் சரி! உங்கள் 1.6 லிட்டர் எஞ்சினின் தலைமேலேயே இன்டர்கூலர் உட்கார்ந்திருக்கிறது. சூப்பர்சார்ஜர் அமுக்கும் காற்று சூடாகி வரும். அதை ஆற்ற வேண்டியவரே சிக்னலில் நின்றால் எஞ்சின் சூட்டில் வெந்துபோகிறார். இன்டர்கூலரின் கோர், அதாவது காற்றை ஆற்றும் நடுப்பகுதி, பெரிதாக இருந்தால் மெதுவாகத்தான் சூடேறும். அதனால் எஞ்சின் திறனில் புதுக் குதிரைகள் வந்து சேரும் என்பதைவிட, வெயிலில் ஓடிப்போன குதிரைகள் திரும்பும் என்பதே சரி. கோருக்குள் இருக்கும் துடுப்புகள் ரொம்ப நெருக்கமாக இருந்தால் மட்டும் யோசியுங்கள், அழுத்தம் உள்ளேயே தொலையும்.

மாட்டுவதில்தான் விஷயமே இருக்கிறது. இன்டர்கூலரின் இருபுறமும் உள்ள ரப்பர் இணைப்புகள் மடங்காமல் விளிம்பில் பொருந்த வேண்டும். கிளாம்ப் ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கம் விலகினாலும் பூஸ்ட் கசியும். பிறகு கோரைச் சுற்றி ஃபோம் பட்டை ஒட்டுங்கள். இல்லாவிட்டால் பானெட் ஸ்கூப் வழியே வரும் காற்று இடுக்கில் நழுவிவிடும். பட்டை ஒட்டாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.