மார்க்குக்கு மட்டும் பிரெஞ்சு

(நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணை. முட்டை லாரியில் ஏறிக்கொண்டிருக்கிறது. கணக்கு நோட்டுடன் மாமா. விண்ணப்பத்துடன் அக்கா மகள்.)

மாமா: எம்.ஏ. பிரெஞ்சா? ஏன் அம்மிணி, நல்லாத்தானே படிச்சுட்டிருந்தே?

அம்மிணி: இப்பவும் படிக்கத்தானுங் மாமா போறேன். பாண்டிச்சேரி யுனிவர்சிட்டிக்கு.

மாமா: நம்மூர்ல இருந்து பாண்டிச்சேரிக்குப் படிக்கப் போறேன்னு சொன்ன மொத ஆளு நீதான்.

அம்மிணி: உங்க பையனும் பிளஸ் டூவுல பிரெஞ்சுதானுங்களே எடுத்தான்?

மாமா: அது மார்க்குக்கு! மொழிப்பாடம் கட்-ஆஃப்ல சேராது. பிரெஞ்சுன்னா சட்டுனு முடிச்சுட்டு பிசிக்ஸ் படிக்கலாம்னு ஹாஸ்டல்லயே சொன்னாங்க. அப்ப இருந்த 200-க்கு 196!

அம்மிணி: இப்ப பிரெஞ்சுல ஏதாச்சும் பேசுவானுங்களா?

மாமா: 'போன்ஜூர்'ம்பான். தெரியாமலே 196 வாங்கறதுதான் சாமர்த்தியம். தெரிஞ்சு வாங்கறதுல என்ன பெருமை?

(இந்தப் பக்கத்து விடுதிப் பள்ளிகளின் கல்விக் கொள்கையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. மாநில ரேங்க் அறிவித்த காலத்தில், தமிழை மொழிப்பாடமாக எடுத்தவர்களுக்கே முதலிடம் என்று அரசு ஒரு வேலி போட்டிருந்தது. 2017-ல் ரேங்க் அறிவிப்பே நின்றது.)

மாமா: சரி, அங்க என்னதான் சொல்லித் தருவாங்க?

அம்மிணி: ரசீன், மோலியேர், ஃப்ளோபேர்... ஒரு நாவல்ல, அம்மா செத்தும் ஒருத்தன் அழமாட்டான். அப்புறம் ஒரு கொலை வழக்குல அதையே அவனுக்கு எதிரா திருப்புவாங்க.

மாமா: எழவு வீட்டுல அழாதவனுக்கு நம்மூர்ல கோர்ட்டே வேண்டாம். பங்காளிகளே தீர்ப்பு சொல்லிடுவாங்க. இதுக்கு ரெண்டு வருசமா?

அம்மிணி: அது இருத்தலியல்வாதமுங் மாமா. காம்யு 1942-ல எழுதினது. வெ. ஸ்ரீராம் நேரா பிரெஞ்சுல இருந்தே 'அந்நியன்'னு தமிழாக்கினார்.

(தான் இருத்தலியல்வாதி இல்லை என்று காம்யுவே மறுத்தவர். அம்மிணிக்கு அது அடுத்த செமஸ்டரில் வரும்.)

மாமா: தமிழ்லயே இருக்குதல்ல? ஒரு புஸ்தகம் வாங்கினா ஹாஸ்டல் பீஸ் மிச்சம்.

அம்மிணி: அவரு பிரெஞ்சு படிச்சதாலதானுங்களே தமிழ்ல வந்துச்சு!

மாமா: ஒருத்தர் படிச்சாச்சல்ல, போதும். வேலை?

அம்மிணி: பாண்டிச்சேரி பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சு காலத்துல துபாசியா, அதாவது மொழிபெயர்ப்பாளரா, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை பெரிய பணக்காரருங்க. 1736-ல இருந்து 1761 வரைக்கும் தமிழ்ல டைரி எழுதினார்.

மாமா: பணம் டைரியில வந்துச்சா, வியாபாரத்துல வந்துச்சா?

அம்மிணி: ...வியாபாரமும் இருந்துச்சுங்க.

மாமா: பாத்தியா! நீயும் முட்டை வித்துக்கிட்டே டைரி எழுது, யாரு வேண்டாம்னா?

அம்மிணி: உங்களக் கேட்டுட்டுத்தான் அப்பா பீஸ் கட்டுவாராமுங்க.

மாமா: கட்டச் சொல்லு, பாவம். மாப்பிள்ளை வீட்டுல கேட்டா 'ஃபாரின் லாங்குவேஜ்ல மாஸ்டர்ஸ்'னு நான் சொல்லிக்கறேன். இலக்கியம்னு மட்டும் நீ வாயத் திறந்துடாதே.