பெயரில்லாக் கேபிளின் பெருவாழ்வு: எர்ணாவூர் அலுவலகங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

எர்ணாவூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்பதைப் பற்றிப் பேசாத வாயில்லை. அந்தச் சரக்குகளின் ஷிப்பிங் பில் மாடி அலுவலகங்களில் எந்த நீலக் கேபிள் வழியே போகிறது என்பதை மட்டும், நெட் போனால் ஒழிய யாரும் பேசுவதில்லை. அக்குறையைப் போக்கவே இவ்வாய்வு.

முதலில் இலக்கணம். எட்டுக் கம்பி, நான்கு ஜோடி. ஜோடியை முறுக்கினால் வெளி இரைச்சல் இரு கம்பியிலும் சமமாக ஏறிக் கழிந்துவிடும் என்பது 1881-இலேயே கிரகாம் பெல் காப்புரிமை வாங்கிய விஷயம். அமெரிக்கத் தரவிதி ஒன்று சொல்கிறது: முனை அடிக்கும்போது முறுக்கை 13 மி.மீ.க்கு மேல் பிரிக்காதே; சுவருக்குள் 90 மீட்டர், மொத்தம் 100 மீட்டர் தாண்டாதே. 2002-இல் சென்னையிலிருந்து கடலடியில் போட்ட கேபிள் 3,000 கி.மீ. தாண்டிச் சிங்கப்பூர் போகிறது. நம்முடையது அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனுக்கே முக்குகிறது. (அது கண்ணாடி இழை, இது செம்பு. மானேஜரிடம் சொல்லிப் பாருங்கள்.)

வண்ண வரிசையில் ‘ஏ’, ‘பி’ என இரு கலைகள் உண்டு. ஆரஞ்சும் பச்சையும் இடம் மாறுவதைத் தவிர வேறு பேதமில்லை. பஞ்சாயத்து மட்டும் வடகலை தென்கலைக்குக் குறையாது. “யாருண்ணே இதை அடிச்சது?” என்று கேட்காமல் எந்த டெக்னீஷியனும் ஏணி ஏறியதில்லை. இரு முனையிலும் ஒரே கலை இருந்தால் போதும் என்மனார் நெட்வொர்க் புலவர்.

இனி நம் களஆய்வு. கேபிள்கள் வந்து சேரும் பேட்ச் பேனலில் ஒட்டிய லேபிள்களை வாசித்தோம்: ‘மேடம்’, ‘பழைய கேஷியர்’, ‘சார்’ (எந்த சார்?), ‘தொடாதே’. உப்புக் காற்றில் பசை விட்டு மீதி லேபிள்கள் ராக்கின் அடியில் கிடந்தன. ஒரு கேபிளின் கிளிப் உடைந்து, மடித்த விசிட்டிங் கார்டு முட்டுக்கொடுத்திருந்தது.

“இது எங்க போவுதுண்ணே?”

“தெரியாது. புடுங்காத, எங்கியாச்சும் நின்னுடும்.”

கைவிட்ட கேபிள் தீக்கு விறகு என்பதால், 2002-லிருந்து அமெரிக்க மின்விதி அதை அகற்றச் சொல்கிறது. இங்கே ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே புதியதன் மேல் புதியது ஏறுகிறது. பழையது அப்படியே கிடக்கிறது.

ஆகவே ஆய்வின் முடிவு: ஒரு கேபிளின் ஆயுள், அதைப் பிடுங்கப் பயப்படுபவர் ரிட்டையர் ஆகும் வரை. இரண்டாம் கட்ட ஆய்வு தொடர வேண்டியிருப்பதால், ராக் பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லவும்.