டி வீடும் ஈ வீடும்: காணாமற்போன கோப்பு குறித்த ஒரு தோட்டப்புற ஆய்வு

முதலில் ஆய்வுக் களம். மலேசியாவின் நெகிரி செம்பிலானில் ரந்தாவுக்கும் சிலியாவுக்கும் நடுவே, செம்பனைக்குள் ஒளிந்து கிடக்கும் ஒரு தோட்டம். அதில், பிள்ளைகள் குறைந்துபோனதால் பூட்டிக் கிடந்த ஆயாக் கொட்டகை. காலம் 2001, திருவிழாவுக்கு முந்திய மூன்று வாரங்கள். ஆய்வுக் கருவி, பட்டணத்தில் யாரோ கழித்துக் கட்டிய ஒரு கணினி. 64 மெகாபைட் நினைவகம், 4 கிகாபைட் வன்தட்டு, உள்ளே குடியிருந்த பல்லி ஒன்று. பல்லியை ஆய்வில் சேர்க்கவில்லை. அது முதல் நாளே வெளிநடப்புச் செய்துவிட்டது.

ஆய்வின் தேவை வருமாறு. முந்திய ஆண்டுத் திருவிழா நோட்டீசில் மூன்றாம் நாள் உபயக்காரரின் பெயரை அச்சகத்தார் விட்டுவிட்டார்கள். அவர் பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் நோட்டீசை முழுதாகப் படித்தார். படித்தவர் கையில் கரண்டியோடு அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார். கரண்டி கோயிலுடையது. இனி நோட்டீசை நாமே அடித்துக்கொள்வோம் என்று கமிட்டி தீர்மானம் போட்டது. தமிழில் அடிப்பதில் சிக்கல் இல்லை. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985இலேயே உருவாக்கிய முரசு அஞ்சல் கைவசம் இருந்தது. ஆனால் அதை ஏற்றுவதற்கு அடியில் விண்டோஸ் வேண்டும். அந்தக் கணினி தாங்கக்கூடியது விண்டோஸ் 98. நான் எஸ்.பி.எம். தேர்வு முடித்துவிட்டுச் சும்மா இருந்தவன் என்பதால் தலைமை ஆய்வாளன் ஆனேன். ஓய்வுபெற்ற கிராணியார் நெறியாளர். ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து பசியாறிய பின் எட்டிப் பார்க்கும் என் அம்மா, வெளித் தேர்வாளர்.

நிறுவல் பாதிவரை ஒழுங்காகப் போனது. கணினி தன்னை ஒருமுறை அணைத்து எழுந்தது. எழுந்ததும் கேட்டது: விண்டோஸ் 98 குறுந்தட்டில் இருக்க வேண்டிய இன்ன கோப்பைக் காணவில்லை, தட்டைப் போட்டுவிட்டுச் சரி என்று அழுத்தவும். தட்டு உள்ளேதான் இருந்தது. சற்றுமுன்வரை அதிலிருந்துதான் எல்லாக் கோப்பும் போயிருக்கிறது. நான் சரி என்று அழுத்தினேன். அது மறுபடி கேட்டது. காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில் முன் வரிசையில் நிற்பவனைப் பார்த்தே 'ஆள் வரவில்லை' என்று செக்ரோலில் எழுதுவதைப் போன்ற செயல் இது. இதை விளக்காமல் நோட்டீஸ் இல்லை.

முன்னாய்வுகள் மூன்று. சிரம்பான் கணினிக் கடைப் பையன், வேறு சிடி வாங்கச் சொன்னான். அவன் சிடி விற்பவன் என்பதால் அக்கருத்து தள்ளுபடி செய்யப்பட்டது. என் சித்தப்பா மகன் வன்தட்டு செத்துவிட்டது என்றான். அவன் எதைப் பார்த்தாலும் செத்துவிட்டது என்பான். மோட்டார் ஸ்டார்ட் ஆகாதபோதும் அதையே சொன்னான், பெட்ரோல்தான் இல்லை. பூசாரி, வேலை தொடங்கிய நேரம் ராகுகாலம் என்றார். இதை மறுக்க எங்களிடம் தரவு இல்லை.

வரலாற்றுப் பின்னணி இல்லாமல் ஆய்வு நிற்காது. 1998 ஏப்ரல் 20 அன்று, பில் கேட்ஸ் மேடையில் நிற்கும்போதே, ஸ்கேனரைச் செருகியதும் விண்டோஸ் 98 நீலத்திரை காட்டி விழுந்தது. அப்படியும் அதை ஜூன் 25 அன்று சந்தைக்கு விட்டார்கள். அடுத்த இரண்டாம் நாள், ஜூன் 27, எங்கள் மாநில எல்லைக்கு அப்பால் சிப்பாங்கில் கே.எல்.ஐ.ஏ. விமான நிலையம் திறப்பு விழாக் கண்டது. ஜூன் 30இல் விமானங்கள் இறங்கத் தொடங்கியதும் கணினி முறை குழம்பி, பயணிகள் ஒரு பக்கம், பெட்டிகள் ஒரு பக்கம் ஆனார்கள். பெட்டிக்காக ஐந்து மணி நேரத்துக்கும் மேல் நின்றவர்கள் உண்டு. இவ்விரண்டு நிகழ்ச்சிக்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஆயினும், தேதிகள் இவ்வளவு நெருங்கி வரும்போது சும்மா விட்டுவிட ஆய்வாளனுக்கு மனம் வருவதில்லை.

இனி கோட்பாடு. கிராணியார் தோட்டத்துக் கணக்கை முப்பது வருஷம் எழுதியவர். அந்தி நேரத்தில் சித்தாந்தம் படித்தவர். அன்னம்பட்டர் வடமொழியில் செய்த தருக்க சங்கிரகத்தை 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் தமிழில் தந்தார் அல்லவா, அது அவர் வீட்டுப் பெட்டியில் இருந்தது. இல்லை என்பது ஒரே இல்லை அல்ல, நான்கு வகை இல்லை உண்டு என்று அந்நூல் சொல்கிறது. "கம்பியூட்டர் இல்லைன்னு சொன்னா, எந்த இல்லைன்னு மொதல்ல கேளு தம்பி" என்றார். குடத்தை வைத்துச் சொல்லும் உதாரணங்களை அவர் பால் பிடிக்கும் மங்குக்கு மாற்றிக்கொண்டார்.

முதலாவது முன்னபாவம். மங்கு வார்க்கப்படுவதற்கு முன் மங்கு இல்லை. எங்கள் குறுந்தட்டு பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஐந்து வெள்ளிக்கு வாங்கியது, ஒரே தட்டில் பதினெட்டு மென்பொருள். குறுந்தட்டு கொள்வது 650 மெகாபைட். பதினெட்டையும் அதில் அடைக்க வேண்டுமானால் எதையாவது வெட்டித்தான் ஆகவேண்டும். வெட்டியவர், தமக்குத் தேவைப்படாதது உலகத்துக்கும் தேவைப்படாது என்று நம்பியவர். அவ்வகைத் தட்டில் கோப்பு தொலைவதே இல்லை, பிறந்தால்தானே தொலைவதற்கு. ஆனால் நாங்கள் தேடிய கோப்பு மற்றொரு கணினியில் திறந்தபோது தட்டிலேயே இருந்தது. ஆகவே இவ்வகை எங்களுக்குப் பொருந்தாது. ஐந்து வெள்ளிக்கு அவர் நேர்மையாகத்தான் நடந்துகொண்டிருக்கிறார்.

இரண்டாவது அழிவுபாட்டபாவம். மங்கு உடைந்தபின் மங்கு இல்லை. தட்டில் கீறல், நெகிழ்வட்டில் பூசணம், இவை இதில் அடங்கும். மழையும் வெக்கையும் மாறி மாறி அடிக்கும் ஊரில் நெகிழ்வட்டைத் திறந்து பார்த்தால் உளுந்து ஊறவைத்த நாள் நினைவுக்கு வரும். குறுந்தட்டு கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. தடத்தில் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்கு எழுத்து அழிந்தாலும், முன்னும் பின்னும் சிதறி வைத்திருக்கும் கூடுதல் கணக்கைக் கொண்டு அதை மீட்டுவிடும். ஆனால் அழிவு தடத்தோடு தடமாக நீண்டு போகக் கூடாது. நான் சட்டை நுனியால் தட்டை வட்டமாகத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்த அம்மா கையைத் தட்டிவிட்டார். "மரத்த சுத்தி வளைச்சுப் பட்டைய எடுத்தா மரம் செத்துரும்டா. நடுவுல இருந்து வெளிய இழு." இடது மேலிருந்து வலது கீழாக, முப்பது பாகை சரிவில், அரை மரத்துக்கு மட்டும் வெட்டி இருபத்தாறு ஆண்டு பால் எடுத்தவரின் கருத்து அது. குறுந்தட்டின் தடம் வட்டச் சுருளாக ஓடுகிறது, வட்டமாக விழும் கீறல்தான் அதைக் கொல்லும், குறுக்கே விழும் கீறலை அது தாங்கும் என்று பிற்பாடு படித்தபோது, வெளித் தேர்வாளர்களுக்கு ஏன் மரியாதை தருகிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது.

மூன்றாவது முழுதும் அபாவம். காற்றில் நிறம் எக்காலத்தும் இல்லை. குறுந்தட்டு இயக்கியின் வயரே கழன்றிருந்தால் இது. சோதித்தோம், வயர் இருந்தது.

எஞ்சியது ஒன்றினொன்று அபாவம். மங்கு வாளி அன்று. மங்கும் இருக்கிறது, வாளியும் இருக்கிறது, ஆனால் மங்கு வாளி ஆகாது, வாளி மங்கு ஆகாது. படிக்கும்போது இதைச் சொல்ல ஒரு நூலா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. எங்கள் கோப்பு இங்கேதான் அகப்பட்டது.

கணினியைத் துவக்க ஒரு நெகிழ்வட்டு போடுவோம். அதன் கொள்ளளவு 1.44 மெகாபைட். பழுதுபார்க்கும் கருவிகள் அத்தனையையும் விரித்து வைக்க அதில் இடமில்லை. ஆகவே அவற்றை ஒரே மூட்டையாகக் கட்டி எடுத்து வந்து, கணினியின் நினைவகத்தில் 2 மெகாபைட் இடத்தை வளைத்துப் போட்டு, அதை ஒரு வட்டைப்போல் நடிக்கவைத்து, மூட்டையை அங்கே பிரித்து வைக்கும். நடிக்கிற வட்டாயிருந்தாலும் அதற்கு ஓர் எழுத்து வேண்டும். சி என்பது வன்தட்டு. அடுத்த எழுத்து டி. டி-யில் குறுந்தட்டு அல்லவா இருக்க வேண்டும்? வந்த விருந்தாளி டி-யை எடுத்துக்கொண்டு, குறுந்தட்டை ஈ-க்குத் தள்ளிவிடும். இதை அது மறைப்பதும் இல்லை. கருவிகள் டி-யில் ஏற்றப்பட்டன என்று கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் எழுதியே காட்டுகிறது. அந்த வரியை அதுவரை யாரும் படித்ததில்லை என்பது என் துணிபு.

நிறுவும் நிரல் இந்த நேரத்தில்தான் தன் கணக்கேட்டைத் திறந்து, சாமான் எல்லாம் ஈ வீட்டில் என்று குறித்துக்கொள்கிறது. பிறகு கணினி அணைந்து வன்தட்டிலிருந்து எழுகிறது. நினைவகம் துடைக்கப்பட்டதால் விருந்தாளி போயே போய்விட்டது. குறுந்தட்டு பழையபடி டி-க்குத் திரும்பிவிட்டது. நிரல் மட்டும் ஈ வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த லயத்தில் இப்போது ஈ என்றொரு வீடே இல்லை.

இதை நான் படம் போட்டு விளக்க முற்பட்டபோது கிராணியார் தாளை மடித்துக் கொடுத்துவிட்டார்.

"போன திருவிழாவுக்கு உறுமி மேளக்காரங்க வந்தாங்கல்ல. அவங்களுக்கு நாலாம் நம்பர் வீட்ட குடுத்துட்டு, வீரம்மா அஞ்சாம் நம்பர்ல மூணு நாளு தங்குச்சு. அந்த மூணு நாளைக்குள்ள மகனுக்குக் கடுதாசி எழுதி, அஞ்சாம் நம்பர்னு அட்ரஸ் போட்டுருச்சு. உறுமிக்காரன் போயிட்டான், வீரம்மாவும் வீட்டுக்கு வந்துருச்சு. பதில் கடுதாசி எங்க வந்துச்சு?"

"அஞ்சாம் நம்பருக்கு."

"பூட்டிக் கெடந்துச்சு. வீரம்மா ரெண்டு மாசம் ஆபீசுக்கு வந்து என் பையன் மறந்துட்டான்னு அழுதுச்சு."

பெயரிலேயே ஒன்பது என்ற எண்ணைச் சுமக்கும் மாநிலத்தில் நாலுக்கும் அஞ்சுக்கும் இவ்வளவு குழப்பம் நேர்வது தற்செயல்தானா என்பது தனி ஆய்வுக்குரியது.

நோய் தெரிந்தபின் மருந்து சிறியது. திரையில் கோப்பைத் தேடும் இடத்தைக் காட்டும் கட்டத்தில் ஈ என்ற எழுத்தை அழித்து டி என்று அடித்தேன். கணினி ஒன்றும் நடக்காததுபோல் மேலே போயிற்று. ஓர் எழுத்துக்காகக் கழிந்தவை ஆறு நாள், இரண்டு குறுந்தட்டு, பூசாரிக்கு ஒரு தேங்காய். ஆனால் கிராணியார் திருப்தி அடையவில்லை. இந்த வைத்தியம் இந்த ஒரு தடவைக்குத்தான், கணக்கேட்டில் ஈ என்று எழுதியது அப்படியே இருக்கிறது, பிறகொரு நாள் அது மறுபடி ஈ வீட்டுக்குப் போகும் என்றார். கணக்கெழுதியவருக்குத்தான் தெரியும், தப்பான பதிவு சாவதில்லை. ஆகவே வன்தட்டைத் துடைத்து முதலிலிருந்து தொடங்கினோம். இம்முறை தட்டிலிருந்த வின்98 என்ற கோப்புறையை, நூற்றுச் சொச்சம் மெகாபைட்டையும், நிறுவலுக்கு முன்பே சி-யில் இறக்கிவைத்து, அங்கிருந்தே நிறுவினோம். யார் வந்தாலும் போனாலும் சி-யின் எழுத்து மாறாது. திருவிழாவுக்குச் சமையல் சாமானை முதல் நாளே கோயில் ஸ்டோரில் இறக்கிவிடுவதுபோல என்றார் அம்மா. பட்டணத்துக் கடைகளில் இவ்வழக்கம் வெகுநாளாக உண்டு என்பதைப் பின்னர் அறிந்தோம். எங்களிடம் சொல்லாததற்குக் காரணம், நாங்கள் கேட்கவில்லை என்பதே.

ஆய்வு இத்துடன் முடிந்திருக்க வேண்டும். சிவஞான முனிவர் நான்குதான் சொன்னார். ஆனால் நோட்டீஸ் அடிக்க இரவல் வாங்கிவந்த பழைய கணினி ஒன்றை எங்கள் கணினியோடு இணைக்க முயன்றபோது, அந்த இரவல் கணினி தன் பங்குக்கு ஒரு கோப்பைக் கேட்டது. அதன் விண்டோஸ் தட்டு யாரிடமும் இல்லை. டி கொடுத்தேன், இல்லை என்றது. ஈ கொடுத்தேன், இல்லை என்றது. கிராணியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அது வீட்டுக்குள்ளயே இருக்கான்னு பாரு" என்றார். விண்டோஸ் தன்னை வைத்திருக்கும் சிஸ்டம் என்ற உள்ளறையின் பெயரை எழுதிக் கொடுத்தேன். கோப்பு அங்கே இருந்தது. தன் மடியிலேயே அதை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் கேட்டிருக்கிறது. விண்டோஸ் 98 வைத்திருந்த பலரும் இதை ஒருமுறையாவது கண்டிருப்பார்கள். இந்த ஐந்தாம் வகைக்கு என்ன பெயரிடுவது என்று கிராணியார் நான்கு நாள் யோசித்தார். இறுதியில் தருக்க சங்கிரகத்தின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ எழுதினார். எனக்குக் காட்டவில்லை.

நோட்டீஸ் அச்சாயிற்று. அனுப்புவதற்கு முன் அவர் அதைப் பெரட்டு கூப்பிடுவதுபோல் உரக்க வாசித்து, பெயர் பெயராகச் சரிபார்த்தார். மூன்றாம் நாள் உபயக்காரரின் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. நோட்டீசைக் கொடுக்க நானும் கமிட்டிச் செயலாளரும் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் இரண்டு முறை படித்தார், தேத்தண்ணி கொடுத்தார். எழுந்திருக்கும்போது செயலாளர் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"அண்ணே, அந்தச் சாம்பார் கரண்டி..."

"அதையா ஒரு வருசமா தேடுறீங்க? மறுநாள் காலையிலயே கொண்டாந்து மாட்டிட்டேனே. ஸ்டோர் கதவுக்குப் பின்னால பாருங்க."

போய்ப் பார்த்தோம். கதவுக்குப் பின்னால், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.