விருதுக் குழுவுக்குக் கட்டியங்காரன் விண்ணப்பம்

மாண்பமை பல்கலைக்கழகத்தின் சமகால அரங்க, நிகழ்கலை மாணவர் ஆய்வு விருதுக் குழுத் தலைவர் ஐயா அவர்களுக்கு,

தெருக்கூத்துக் கட்டியங்காரன் தெண்டனிட்டு எழுதுவது. ராஜா திரைக்குப் பின்னால் நிற்கும்போதே அவர் பெருமையைச் சபைக்குச் சொல்வது என் தொழில். நடுவில் நாலு கிண்டல் செய்வதும் தொழில்தான். துரியோதனனே பொறுத்துக்கொள்கிறார், தாங்களும் பொறுத்தருள வேண்டும்.

இந்த ஆண்டு விருது நடிகனின் உடலைப் பற்றிய ஒரு கோட்பாட்டுக் கட்டுரைக்குப் போனதில் மகிழ்ச்சி. எழுதிய தம்பி இதுவரை ஒரு நாடகமும் பார்த்ததில்லையாம். விருப்பு வெறுப்பற்ற ஆய்வாளர் என்றால் அவர்தான்.

தாங்கள் தள்ளிய ஆய்வேடு, எங்கள் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றிய பெண்ணுடையது. சலங்கை கட்டி அடவு கற்றாள். முகவீணைக்காரர் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார் என்பதுவரை குறித்து வைத்தாள். எங்கள் கூத்து வாத்தியார் வாயால் சொன்ன விருத்தங்களைப் பின்னிணைப்பில் சேர்த்ததுதான் வம்பு. 38 விழுக்காடு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் காட்டிக்கொடுத்துவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி 10 வரை மன்னிப்பு உண்டு. 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். வாத்தியாரிடம் சொன்னோம். "அப்ப இதுவரைக்கும் யாரும் பாடாத பாட்டாப் பாத்துப் பாடச் சொல்றாங்களா?" என்றார். படிக்காத மனிதர், மன்னித்துவிடுங்கள்.

அறநெறிப் படிவம் இன்னும் அருமை. திரௌபதி வஸ்திராபரணக் கூத்தில் துச்சாதனன் துகிலில் கை வைக்கும்போது கூட்டத்தில் யாராவது ஒரு பாட்டிக்கு அருள் வந்துவிடும். 'பங்கேற்பாளரிடம் முன்கூட்டியே எழுத்துமூலம் ஒப்புதல் பெறப்பட்டதா?' என்று கேட்டிருக்கிறீர்கள். அடுத்த முறை நிச்சயம் வாங்கிவிடுகிறோம். கையெழுத்துப் போட வேண்டியது பாட்டியா, அம்மனா என்பதை மட்டும் தெளிவுபடுத்துங்கள்.

நேர்காணலில் ஏழு நிமிடம் கொடுத்தீர்கள். இரவு ஆரம்பித்தால் விடியும்வரை நடக்கிற கூத்துக்கு அது தாராளம். வாயால் விளக்க முடியாத ஓர் அடவை அவள் எழுந்து ஆடிக் காட்டியபோது, "ஆடாதீர்கள், நிகழ்த்துகலையைப் பற்றிப் பேசுங்கள்" என்று ஓர் உறுப்பினர் தடுத்தாட்கொண்டார். மேசை விரிப்பு தப்பியது.

தங்கள் குழுவின் இந்த ஞானம் நாடகக்காரர்களுக்கு முன்பே வாய்க்காமல் போயிற்றே என்றுதான் வருத்தம். நாடகாசிரியர் ந. முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். அங்கிருந்த நடிகர்களுக்குத் தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரான் அடவு சொல்லிக்கொடுத்தார். வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் 1980இல் வந்து பட்டறை நடத்தியதும் நம்மவர்கள் மேடையையும் திரையையும் விட்டுவிட்டுத் தெருமுனைக்கு நாடகம் போடப் போனார்கள். அங்கீகரிக்கப்பட்ட ஆய்விதழில் ஒரு வரி பதிவு செய்யாமல் இத்தனை பேரும் நவீன நாடகம் வளர்த்திருக்கிறார்கள். தாங்கள் அப்போதே பொறுப்பில் இருந்திருந்தால் ஆரம்பத்திலேயே தடுத்திருக்கலாம்.

விருது விழாவுக்கு எங்களை அழைத்ததற்கு நன்றி. சிறப்பு விருந்தினரின் கார் வந்து சேரும்வரை சபை கலையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னீர்கள், ஆடினோம். விருது கிடைக்காத அந்தப் பெண்ணும் வேஷம் கட்டி ஆடினாள். அப்போது மட்டும் யாரும் தடுக்கவில்லை. விருந்தினர் வந்தார், பொன்னாடை ஏற்றார், "தெருக்கூத்து அழிந்துவிட்டது" என்று கண்கலங்கினார். நான் அரிதாரம் கலைக்காமல் முன்வரிசை ஓரத்தில்தான் நின்றிருந்தேன். ஆறுதல் சொல்ல மனம் வரவில்லை.

இப்படிக்கு,
தங்கள் ஊழியன்,
கட்டியங்காரன்

பி.கு.: எங்கள் சம்பளச் சீட்டு கணக்குப் பிரிவிலிருந்து திரும்பி வந்துவிட்டது. சிறப்புச் சொற்பொழிவாளர், பந்தல் ஒப்பந்ததாரர் என்ற இரண்டு தலைப்பில்தான் பணம் தர முடியுமாம். பந்தல்காரருக்குப் பணம் போய்விட்டதாகக் கேள்வி. எங்களையும் பந்தலிலேயே சேர்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.